இயற்கைச் சட்ட வாதம் தன்பாலின உறவை மட்டும் தனியாகப் பிடிக்குமா?

சந்தேகத்தோமா

அன்பியக் கூட்டமானாலும் சரி, ஃபேஸ்புக் சண்டையானாலும் சரி, தன்பாலின உறவு பற்றிய பேச்சு எழுந்தால் ஒரு வாக்கியம் தவறாமல் வந்துவிடுகிறது: “பைபிளை விடுங்க, புத்தியைக் கேட்டாலே போதும், அது இயற்கைக்கு முரண்.” விவிலியத்தை நம்பாதவரையும் மடக்கும் வாதம் என்று இதில் கொஞ்சம் பெருமையும் உண்டு.

சரி, இந்த இயற்கைச் சட்ட வாதத்தின் பிறந்த வீட்டுக்கே போய்ப் பார்ப்போம் என்று, 13ஆம் நூற்றாண்டுக் கத்தோலிக்க இறையியலாளர் தோமா அக்குவினாஸின் பெருநூலான சும்மா தியாலஜிக்காவைப் புரட்டினேன். இரண்டாம் பகுதியின் இரண்டாம் பாகம், கேள்வி 154, பிரிவு 11. இயற்கைக்கு முரணான காமப் பாவம் என்று அவர் நான்கைச் சொல்கிறார்: சுயஇன்பம், விலங்கோடு கூடுவது, ஒரே பாலினத்தவர் கூடுவது, ஆணும் பெண்ணுமே ஆனாலும் முறை தவறிக் கூடுவது. நான்குக்கும் காரணம் ஒன்றுதான். பிள்ளைப்பேற்றுக்கு உரிய செயலை, பிள்ளைப்பேறு நிகழவே முடியாத விதத்தில் செய்வது.

அப்படியானால் மூன்றாவதைக் கண்டிக்கும் அதே காரணம் முதலாவதையும் கண்டிக்கிறது. ஆணுறையையும் சேர்த்துத்தான். கூட்டத்தில் ஆவேசமாகப் பேசுகிறவர்களில் எத்தனை பேர் கருத்தடையைப் பற்றி அதே சூட்டோடு பேசுகிறார்கள்? ஒரு பிள்ளை, இரண்டு பிள்ளை என்று அளவாக நிறுத்திக்கொண்ட குடும்பங்கள்தானே முன்வரிசையில் உட்கார்ந்திருக்கின்றன?

இதுதான் கேள்வி. இந்த வாதத்தை எடுத்தால் முழுசாக எடுக்க வேண்டுமா, அல்லது தன்பாலின உறவை மட்டும் பிடித்துக்கொண்டு மற்றதை விட ஏதாவது வழி இருக்கிறதா? லேவியராகமம், சோதோம் போன்ற விவிலியப் பகுதிகள் எல்லாம் வேறு இழையில் ஏற்கெனவே அடித்துத் துவைத்தாகிவிட்டது. இங்கே வேண்டாம்.

மீன்கொத்தி

இயற்கைக்கு முரண் என்பதே தப்பு. பென்குவின், செம்மறிக் கிடா, டால்ஃபின் என்று எத்தனையோ உயிரினங்களில் இருக்கிறது. இயற்கையில் இருப்பது எப்படி இயற்கைக்கு முரணாகும்? இழையை மூடிவிடலாம்.

பழைய குருமாணவன்

மீன்கொத்தி, பென்குவினை விட்டுவிடுங்கள். “மிருகம்கூட இதைச் செய்யாது” என்று ஒரு தரப்பு ஆரம்பிக்க, “மிருகமும் செய்கிறது” என்று மறுதரப்பு படம் காட்ட, இரண்டு பேருமே தோமாவைத் தொடாமல் போய்விடுகிறார்கள்.

அவர் சொல்லும் இயற்கை, காட்டில் என்ன நடக்கிறது என்ற கணக்கு இல்லை. காட்டில் குட்டியைத் தின்னும் தாயும் உண்டு. ஒரு பொருளின் இயல்பு என்பது அது எதை நோக்கி அமைந்திருக்கிறதோ அந்த நிறைவு. மனிதன் அந்த நோக்கத்தைத் தன் அறிவால் கண்டுகொண்டு அதன்படி நடப்பதுதான் இயற்கைச் சட்டம். இரண்டாம் பகுதியின் முதல் பாகம், கேள்வி 94, பிரிவு 2ஐப் பாருங்கள். நல்லதை நாடு, தீயதை விலக்கு என்பது அடிப்படைக் கட்டளை. அதன் கீழ் மூன்று அடுக்காக நம் நாட்டங்களை வைக்கிறார். எல்லாப் பொருள்களோடும் பொதுவானது, உயிரைக் காத்துக்கொள்வது. விலங்குகளோடு பொதுவானது, கூடிப் பிள்ளை பெற்று வளர்ப்பது. மனிதனுக்கே உரியது, கடவுளைப் பற்றிய உண்மையைத் தேடுவதும் சமூகமாக வாழ்வதும். நடு அடுக்கில் ரோமானியச் சட்ட அறிஞர் உல்பியனின் “இயற்கை எல்லா விலங்குகளுக்கும் கற்றுக்கொடுத்தது” என்ற வரியை அவர் எடுத்தாள்கிறார். பென்குவின் உள்ளே நுழைய அந்த வரிதான் கதவைத் திறந்துவிட்டது என்பதையும் ஒத்துக்கொள்ள வேண்டும்.

அடுத்தது, இந்த விவாதத்தில் பலர் படிக்காத இடம்: தோமாவின் இன்னொரு நூலான சும்மா கொன்றா ஜென்டீலஸ், மூன்றாம் நூல், அதிகாரம் 122. அங்கே தோமா தனக்கே ஒரு தடை எழுப்பிக்கொள்கிறார். கையை ஊன்றி நடப்பவன் கையை அதற்கு உரியதல்லாத வேலைக்குப் பயன்படுத்துகிறான், அது பாவமா? பாவமில்லை, அல்லது மிகச் சிறியது என்கிறார். ஏனென்றால் அதனால் மனிதனின் நன்மைக்குப் பெரிய பங்கம் எதுவும் இல்லை. விந்து விஷயம் அப்படியல்ல, அது மனித குலத்தின் தொடர்ச்சியையே தொடுகிறது என்கிறார். கொலைக்கு அடுத்த இடத்தில் இதை வைக்கிறார். ஆகவே “அப்படியானால் கண்ணாடியை மூக்கில் மாட்டுவதும் பாவமா” என்று கிண்டல் செய்கிறவர்களுக்கு 13ஆம் நூற்றாண்டிலேயே பதில் எழுதி வைத்துவிட்டார். பதில் போதுமா என்பது வேறு கதை.

இன்னொன்று. அந்த அதிகாரத்தில் அவருடைய கண் கூடும் செயலில் மட்டும் இல்லை, பிள்ளை வளர்ப்பிலும் இருக்கிறது. நாய் இனத்தில் பெட்டை தனியாகவே குட்டியை வளர்த்துவிடும், ஆண் கூடவே இருப்பதில்லை. பறவைகளில் இரண்டும் சேர்ந்து இரை கொண்டுவர வேண்டும், அதனால் ஆணும் தங்குகிறது. மனிதக் குழந்தைக்குச் சோறு மட்டும் போதாது, நீண்ட காலப் பயிற்சியும் வேண்டும். ஆகவே நிலையான திருமணம். இப்படித்தான் வாதம் நகர்கிறது.

சந்தேகத்தோமாவுக்கு நேர்ப் பதில்: ஆமாம், முழுசாகத்தான் எடுக்க வேண்டும். கத்தோலிக்கத் திருச்சபை முழுசாகத்தான் எடுக்கிறது. முன்வரிசைக் குடும்பங்கள் கேட்பதில்லை என்பது வாதத்தின் குறை அல்ல.

விசுவாசவீரன்

நாங்கள் அக்குவினாஸைப் படித்து மனந்திரும்பியவர்கள் இல்லை, பிரதர். ரோமர் முதல் அதிகாரம் தெளிவாக இருக்கிறது. சுபாவத்துக்கு விரோதம் என்று பவுல் சொல்லிவிட்டார். இரண்டாம் அதிகாரத்தில் நியாயப்பிரமாணம் இல்லாத புறஜாதிகளின் இருதயத்திலும் அது எழுதியிருக்கிறது என்றும் சொல்கிறார். இயற்கைச் சட்டத்துக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்? இதற்கும் கருத்தடைக்கும் முடிச்சுப் போடுவது கத்தோலிக்கருடைய தலைவலி. வேதத்தில் ஆணுறை பற்றி ஒரு வசனமும் இல்லை.

சந்தேகத்தோமா

வீரன் அண்ணே, வசனத்தால் மட்டும் நிற்கிறேன் என்றால் எனக்கு உங்களோடு இந்த இழையில் வழக்கே இல்லை. ஆனால் “புத்திக்கே தெரியும்” என்று சொன்ன கையோடு புத்தி காரணம் காட்ட வேண்டுமில்லையா? ஆண் முடி வளர்ப்பது கேவலம் என்று சுபாவமே போதிக்கிறது என்றும் பவுல்தான் 1 கொரிந்தியர் 11இல் சொல்கிறார். அதை அந்தக் கால வழக்கம் என்று நம் சபைகள் தாண்டிப் போகின்றன. ரோமர் 11இல் காட்டு ஒலிவக் கிளையைக் கடவுளே சுபாவத்துக்கு விரோதமாய் நல்ல மரத்தில் ஒட்டவைக்கிறார். எந்த இடத்தில் சுபாவம் அசையாத சட்டம், எந்த இடத்தில் ஊர் வழக்கம் என்று பிரிக்கும் அளவுகோலைத்தான் கேட்கிறேன்.

திண்ணைத் தத்துவம்

கல்லூரியில் மெய்யியல் நடத்துகிறவள் என்ற முறையில் கொஞ்சம் வரலாறு சொல்கிறேன். கேள்வியின் முடிச்சு 1930இல் இருக்கிறது.

அதுவரை கருத்தடை விஷயத்தில் கத்தோலிக்கர், ஆங்கிலிக்கர் (இங்கிலாந்துத் திருச்சபை மரபினர்) என்ற பெரிய வேறுபாடு கிடையாது. 1908லும் 1920லும் தங்கள் உலகக் கூட்டமான லாம்பெத் மாநாட்டில் ஆங்கிலிக்க ஆயர்கள் கண்டித்தே தீர்மானம் போட்டார்கள். 1930 ஆகஸ்டில் 15ஆம் தீர்மானம் வழியாக, நியாயமான காரணம் இருந்தால் தம்பதியர் செயற்கை முறையைப் பயன்படுத்தலாம் என்று கதவைக் கொஞ்சம் திறந்தார்கள். அதே ஆண்டு டிசம்பர் 31இல் போப் பதினோராம் பயஸ் ‘காஸ்தி கொன்னூபி’ சுற்றுமடலில் அதை முழுசாக மறுத்தார். 1968இல் போப் ஆறாம் பவுல், தன் ஆலோசனைக் குழுவின் பெரும்பான்மை மாற்றத்தை ஆதரித்தும், ‘ஹுமானே வீத்தே’யில் பழைய போதனையையே உறுதி செய்தார். இணைப்பு, பிள்ளைப்பேறு என்ற இரண்டு பொருளும் ஒவ்வொரு தாம்பத்தியச் செயலிலும் பிரியாமல் இருக்க வேண்டும் என்பது அதன் மையம்.

நான் வகுப்பில் எப்போதும் சேர்த்து வைத்துக் காட்டும் இரண்டு பேர் உண்டு. ஒருவர் எலிசபெத் ஆன்ஸ்கம், தத்துவ அறிஞர் விட்கன்ஸ்டைனின் மாணவி, கருத்தடைக்குக் கடும் எதிர்ப்பாளரான கத்தோலிக்கர். 1972இல் எழுதிய கட்டுரையில் அவர் கேட்கிறார்: கருத்தடையோடு கூடுவது சரி என்றால், ஒரே பாலினத்தவர் உறவுக்கு எதிராக இனி எந்தக் காரணத்தை வைத்திருக்கிறீர்கள்? இன்னொருவர் ரோவன் வில்லியம்ஸ், பின்னாளில் ஆங்கிலிக்கரின் தலைமை ஆயரான கான்டர்பரி பேராயர். 1989இல் ஒரு சொற்பொழிவில் அவர் சொன்னதன் சாரம்: கருத்தடையை ஏற்றுக்கொண்ட திருச்சபைக்குத் தன்பாலின உறவை முழுமையாகக் கண்டிக்க, சில வசனங்களைப் பிடித்துத் தொங்குவதையும் ஆண்–பெண் பொருத்தம் பற்றிய சந்தேகத்துக்குரிய ஒரு கோட்பாட்டையும் தவிர வேறு ஆதாரம் மிச்சமில்லை.

ஒருவர் கிழக்கே போகிறார், மற்றவர் மேற்கே. ஆனால் கிளம்பும் இடம் ஒன்று: கருத்தடை போனால் இதுவும் போகும். ஆன்ஸ்கம் “ஆகவே கருத்தடையை விடாதே” என்கிறார். வில்லியம்ஸ் “கருத்தடையைத்தான் ஏற்றுவிட்டோமே” என்கிறார். நடுவில் நின்று ஒன்றை மட்டும் பிடித்துக்கொள்ள முயல்கிறவர்கள்தான் அதிகம், அவர்களுக்குத்தான் வாதம் இல்லை. என் கருத்தும் இதுதான்.

விசுவாசவீரன்

வாதம் இல்லாமல் எப்படி? கடவுள் ஆணும் பெண்ணுமாகப் படைத்தார். ஒருவருக்கொருவர் பூரணம். பிள்ளை பிறக்கிறதோ இல்லையோ, அந்தப் பூரணம் இரண்டு ஆண்களுக்கு இடையில் வராது. இதற்கு ஆணுறையைப் பற்றிய கவலையே தேவையில்லை.

திண்ணைத் தத்துவம்

இது நல்ல பதில். ஆனால் இது தோமாவின் வாதம் அல்ல, வேறு வீட்டிலிருந்து வந்தது. 1934இல் “நைன்!” (ஜெர்மனில் ‘இல்லை!’) என்று தலைப்புப் போட்டு, இயற்கையிலிருந்தே கடவுளை அறியலாம் என்ற இயற்கை இறையியலையே மறுத்த புரொட்டஸ்டன்ட் இறையியலாளர் கார்ல் பார்த், தன்பாலின உறவை எதிர்த்தது இந்த வழியில்தான். மனிதன் என்றாலே ஆண்–பெண் எதிர்முகம், அதை விட்டுத் தன் பாலுக்குள்ளேயே நிறைவு தேடுவது மனிதத்தை மறுப்பது என்று 1951இல் வெளிவந்த தன் பெருநூலின் பாகத்தில் எழுதினார். கத்தோலிக்கப் பக்கம் போப் இரண்டாம் ஜான் பால் 1979 முதல் 1984 வரை புதன்கிழமை உரைகளில் உடலின் இறையியல் என்று விரித்ததும் இதோடு உறவுடையதுதான். இரண்டும் 20ஆம் நூற்றாண்டுச் சரக்கு.

தோமாவிடம் ‘ஒருவரையொருவர் நிறைவாக்குவது’ என்று கேட்டால் என்ன கிடைக்கும் தெரியுமா? முதல் பகுதி, கேள்வி 92, பிரிவு 1. பெண் ஏன் துணையாகப் படைக்கப்பட்டாள்? பிள்ளைப்பேற்றுக்கு மட்டும் என்கிறார். மற்ற எந்த வேலைக்கும் ஆணுக்கு இன்னொரு ஆணே சிறந்த துணையாக இருப்பான் என்று வெளிப்படையாக எழுதியிருக்கிறார். ஆகவே பிள்ளைப்பேற்றைக் கழற்றிவிட்டால் தோமாவின் கணக்குப்படி ஆண்–பெண் பொருத்தத்துக்குத் தனி மதிப்பு ஒன்றும் மிஞ்சாது. இதைப் படித்துவிட்டு என் மாணவிகள் முறைத்ததைப் பார்த்திருக்க வேண்டும்.

பூரணம் என்ற வாதத்துக்கு இன்னொரு சிக்கல், என்ன பூரணம் என்று சொல்ல வேண்டும். உடல் உறுப்பா? அது மறுபடி பிள்ளைப்பேற்றுக்கே போகும். குணமா? எல்லா ஆணும் ஒரு குணம், எல்லாப் பெண்ணும் ஒரு குணம் என்று நிறுவ வேண்டும். நான் வீட்டில் ஃப்யூஸ் போடுகிறேன், என் கணவர் தோசை ஊற்றுகிறார்.

சந்தேகத்தோமா

அப்படியானால் குருமாணவன் அண்ணனிடமே திரும்புகிறேன். முழுசாக எடுக்கிறோம் என்கிறீர்கள். அறுபது வயது தாண்டிய விதவையும் மனைவியை இழந்தவரும் கோயிலில் மாலை மாற்றிக்கொள்கிறார்கள். பிள்ளை பிறக்க வாய்ப்பே இல்லை, இருவருக்கும் தெரியும், ஃபாதருக்கும் தெரியும். ஆசீர் கிடைக்கிறது. பிள்ளைப்பேறு நிகழ முடியாத உறவு என்பதுதானே 154:11இன் அளவுகோல்?

பழைய குருமாணவன்

எதிர்பார்த்தேன். சட்டத்தில் இருந்து ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் திருச்சபை இதில் எவ்வளவு பிடிவாதமாக இருந்திருக்கிறது என்று பலருக்குத் தெரியாது.

1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பு, எண் 1084. மலடு திருமணத்துக்குத் தடை இல்லை. ஆனால் உடலுறவே கொள்ள முடியாத நிலை, திருமணத்துக்கு முன்பிருந்தே இருந்து, நிரந்தரமானதும் என்றால், திருமணம் செல்லாது. பிள்ளை பிறக்காமல் போகலாம், ஆனால் பிள்ளை பிறக்கும் வகையைச் சேர்ந்த செயல் நடந்தாக வேண்டும். 1587இல் போப் ஐந்தாம் சிக்ஸ்துஸ் ஸ்பெயினில் இருந்த தன் தூதருக்கு எழுதினார்: இரண்டு விரையும் இல்லாத ஆண்களின் திருமணத்தை அனுமதிக்காதே. அதிலிருந்து “உண்மையான விந்து” தேவையா இல்லையா என்று சட்ட நிபுணர்கள் நூற்றாண்டுக் கணக்கில் அடித்துக்கொண்டார்கள். 1977 மே மாதம்தான் உரோமை, விரையில் உருவான விந்து அவசியமில்லை என்று தீர்த்தது. சிரிப்பு வரலாம். ஆனால் வசதிக்காக ஒரு கூட்டத்தை மட்டும் குறிவைக்கிறார்கள் என்று சொல்ல முடியாது. முதுகெலும்பு அடிபட்டு உறவு கொள்ள முடியாத ஆணும் இதே 1084இல் மாட்டுகிறான்.

தத்துவரீதியான பதில் ஜெர்மன் கிரிஸே, ஜான் ஃபின்னிஸ் என்ற கத்தோலிக்கத் தத்துவவாதிகளின் புதிய இயற்கைச் சட்டக் கொள்கையில் இருக்கிறது. கிரிஸே 1964லேயே, கருத்தடைக்கு எதிராக எழுதிய நூலிலேயே, ‘உறுப்பைத் தவறாகப் பயன்படுத்துவது பாவம்’ என்ற பழைய பாட வாதம் நிற்காது என்று ஒத்துக்கொண்டவர். அவர்கள் உறுப்பிலிருந்து தொடங்குவதில்லை. அறிவு, நட்பு, உயிர் போலத் திருமணமும் தன்னளவில் ஒரு நன்மை. அதில் இருவர் உடலாலும் ஒன்றாகிறார்கள். செரிமானத்துக்கு ஒரு உடல் போதும், இனப்பெருக்கத்துக்கு மட்டும் ஆணும் பெண்ணும் சேர்ந்தால்தான் ஒரு முழு உயிரியல் அலகு ஆகிறது. மலட்டுத் தம்பதியும் அந்தச் செயலில் அந்த அலகாக இருக்கிறார்கள். விளைவு அவர்கள் கையில் இல்லை. இரண்டு ஆண்களின் உறவில் அந்த அலகு உருவாவதே இல்லை. வேறுபாடு அதுதான்.

திண்ணைத் தத்துவம்

இதுதான் அந்தத் தரப்பின் மிகச் சிறந்த வடிவம், ஒத்துக்கொள்கிறேன். அடி வாங்கியதும் இங்கேதான்.

ஆண்ட்ரூ காபெல்மன் என்ற சட்டப் பேராசிரியர் கேட்டார்: சுடவே முடியாத துப்பாக்கியைச் சுடும் வகையைச் சேர்ந்தது என்று எந்தப் பொருளில் சொல்கிறீர்கள்? கருப்பை நீக்கப்பட்ட பெண்ணின் உடல் இனப்பெருக்க அலகின் பாதி என்பது தோற்றத்தை வைத்துச் சொல்வதுதானே தவிர, செயல்பாட்டை வைத்து அல்ல. ஃபின்னிஸ் தரப்பு “வகை” என்கிறது, காபெல்மன் “அந்த வகையைப் பார்க்கும் கண் உங்களுக்கு மட்டும்தான் இருக்கிறது” என்கிறார். நான் படித்தவரை இருவரும் ஓர் அங்குலம்கூட நகரவில்லை.

எனக்கு உறுத்துவது இதுதான். ‘புத்தி உள்ள எவரும் காணலாம்’ என்று ஆரம்பித்த வாதம், கடைசியில் ‘ஆண்–பெண் உறவில் மட்டும் ஒரு தனி நன்மை இருக்கிறது, அதைக் கண்டவன் கண்டுகொள்வான்’ என்ற இடத்தில் வந்து நிற்கிறது. நம்பிக்கையாளருக்கு அது பரவாயில்லை. பொது நீதிமன்றத்தில் என்ன செய்வது? 1993இல் அமெரிக்காவின் கொலராடோவில், தன்பாலீர்ப்பாளர்களுக்குப் பாகுபாட்டிலிருந்து பாதுகாப்பு தரக்கூடாது என்ற சட்டத்திருத்த வழக்கில் ஃபின்னிஸ் ஒரு பக்கம், தத்துவப் பேராசிரியர் மார்த்தா நுஸ்பாம் மறுபக்கம் சாட்சியம் சொன்னார்கள். சண்டை பிளேட்டோவின் கிரேக்க வரிகளுக்குப் போய்விட்டது. 1996இல் உச்ச நீதிமன்றம் 6–3 என்ற கணக்கில் அந்தத் திருத்தத்தைத் தள்ளியது, பிளேட்டோவின் உதவி இல்லாமலே.

கறுப்புக்கோட்டு

நீதிமன்றம் என்றதும் மூக்கை நுழைக்கிறேன். நம்மூர் இந்தியத் தண்டனைச் சட்டம் 377ஆம் பிரிவின் வாசகமே “இயற்கையின் ஒழுங்குக்கு எதிரான” உடலுறவு என்பதுதான். 1860இல் வெள்ளைக்காரன் எழுதியது. 154:11இன் வாடை அடிக்கவில்லையா? 2018 செப்டம்பர் 6 அன்று நவ்தேஜ் சிங் ஜோஹர் வழக்கில் வயதுவந்தோரின் சம்மத உறவு அதிலிருந்து விலக்கப்பட்டது. 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சம்ஹிதாவில் அந்தப் பிரிவே இல்லை. இலங்கைத் தண்டனைச் சட்டத்தில் 365ஆம் பிரிவு அதே வாசகத்தோடு இன்னும் நிற்கிறது.

ஆனால் ஒரு வேடிக்கை. பாவம் என்பதால் குற்றமாக்க வேண்டும் என்று தோமா சொல்லவில்லை. இரண்டாம் பகுதியின் முதல் பாகம், கேள்வி 96, பிரிவு 2இல், மனிதச் சட்டம் எல்லாத் தீமைகளையும் தடுக்கக்கூடாது, பெரும்பாலானவர்கள் விலக்கக்கூடிய கொடியவற்றை, முக்கியமாகப் பிறரைப் பாதிப்பவற்றை மட்டும் தடுக்க வேண்டும் என்கிறார். எடுத்துக்காட்டு கொலை, திருட்டு. பிரிட்டனில் 1950களில் அரசு அமைத்த வுல்ஃபென்டன் குழு தன்பாலின உறவுக்கு எதிரான சட்டத்தை ஆராய்ந்தபோது, கார்டினல் கிரிஃபின் அமைத்த கத்தோலிக்க ஆலோசனைக் குழு, இது பாவம்தான், ஆனால் தனியிடத்தில் சம்மதத்தோடு நடப்பதைக் குற்றமாக்குவது அரசின் வேலை இல்லை என்றே பரிந்துரைத்தது. 1957இல் வுல்ஃபென்டன் அறிக்கையும் அதையே சொல்லி, 1967இல் சட்டம் மாறியது. போப் பிரான்சிஸ் 2023 ஜனவரியில் “தன்பாலீர்ப்பு குற்றம் அல்ல” என்றபோது ஏதோ புரட்சி போல எழுதினார்கள். இது பழைய சரக்கு.

விசுவாசவீரன்

சட்டத்தில் இருந்து எடுத்ததால் பரலோகத்திலும் எடுத்துவிட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். நேற்று ஒரு யூடியூப் வீடியோவில் பார்த்தேன், வெளிநாட்டுப் பணம் வாங்கிக்கொண்டு

மட்டுறுத்துநர்

மீதிப் பாதியை நீக்கியிருக்கிறேன். வீடியோ இணைப்பு, யார் யாரிடம் பணம் வாங்கினார் என்பது எல்லாம் இங்கே வேண்டாம். தலைப்புக்கு வாருங்கள்.

பெயர் வேண்டாம்

ரொம்ப நாளாக வாசிக்க மட்டும் செய்கிறேன். நான் தன்பாலீர்ப்பு உள்ளவன், கத்தோலிக்கன், இரண்டையும் விடவில்லை. மேலே எல்லோரும் பேசுவது என்னைப் பற்றி என்பதால் ஒன்றிரண்டு சொல்கிறேன்.

கருத்தடைத் தம்பதியையும் என்னையும் ஒரே தராசில் வைக்கிறோம் என்று குருமாணவன் அண்ணன் சொன்னது வாதத்தில் சரி. நடைமுறையில் இல்லை, எழுதிய வாசகத்திலும் முழுசாக இல்லை. கத்தோலிக்கத் திருச்சபையின் அதிகாரபூர்வ மறைக்கல்வி ஏட்டில் 2357 முதல் 2359 வரை வாசியுங்கள். செயல் ஒழுங்கு தவறியது என்பது தோமாவிடமிருந்து வருகிறது, சரி. 1992 பதிப்பில் 2358ஆம் எண்ணில் “அவர்கள் இந்த நிலையைத் தேர்ந்துகொள்வதில்லை” என்ற வரி இருந்தது. 1997 திருத்தத்தில் அது போய், அந்த நாட்டமே “புறநிலையில் ஒழுங்கு தவறியது” என்ற வரி வந்தது. 1986இல் கார்டினல் ராட்சிங்கர் (பின்னாளில் போப் பதினாறாம் பெனடிக்ட்) கையெழுத்திட்ட கடிதத்தின் சாயல் அது. ஆணுறை வாங்குகிறவனின் நாட்டத்துக்கு அப்படி ஒரு பெயரை யாராவது வைத்திருக்கிறார்களா? அவனிடம் “இதைச் செய்யாதே” என்கிறார்கள். என்னிடம் “நீ இப்படி இருப்பதே கோணல்” என்கிறார்கள். தராசு இங்கேதான் சாய்கிறது.

மாற்றி எழுதுகிறவர்களையும் படித்திருக்கிறேன். கேரத் மூர் என்ற டொமினிக்கன் துறவியின் நூல் அவர் இறந்த பிறகு 2003இல் வந்தது. வசனத்திலிருந்தும் சரி, இயற்கைச் சட்டத்திலிருந்தும் சரி, திருச்சபை தரும் வாதங்கள் எதுவும் நிற்கவில்லை என்று ஒவ்வொன்றாகப் பிரித்துக் காட்டுகிறார். தோமாவின் சபைக்காரரே சொல்கிறார் என்பதில் எனக்கு ஒரு அற்ப சந்தோஷம். ஆனால் பவுல் சொன்னது வேறு எதையோ பற்றி, நம்மைப் பற்றியே இல்லை என்று சுலபமாகத் தட்டிவிடுகிறவர்களோடு எனக்கு ஒத்துப்போகவில்லை. பவுலுக்குப் பிடிக்காது என்றே நினைக்கிறேன்.

இதுவரை போதனைக்கு உட்பட்டே வாழ்கிறேன். அது கீழ்ப்படிதல். வாதம் என்னை வென்றதால் அல்ல. தயவுசெய்து இதற்காக யாரும் பாராட்டவோ பரிதாபப்படவோ வேண்டாம்.

பழைய குருமாணவன்

தம்பி, பாராட்டவில்லை. பதில் மட்டும் சொல்கிறேன்.

செயலுக்கும் நாட்டத்துக்கும் இடையில் நீங்கள் பிடித்த இடம் சரியானது. என் தரப்பில் வழக்கமான பதில், ‘ஒழுங்கு தவறிய’ என்பது குணத்துக்குத் தரும் சான்றிதழ் அல்ல, எந்த இலக்கை நோக்கிப் போகிறது என்பதைச் சொல்லும் பாடச் சொல், பேராசையும் அந்தப் பொருளில் அப்படித்தான் என்பது. வகுப்பறையில் அது சரி. திருப்பலிக்கு வரும் பதினாறு வயதுப் பையன் காதில் அது எப்படி விழும் என்று எழுதியவர்கள் யோசித்திருக்க வேண்டும்.

தோமாவிடம் இதைப் பற்றி ஒரு விசித்திரமான இடம் உண்டு. இரண்டாம் பகுதியின் முதல் பாகம், கேள்வி 31, பிரிவு 7. இனத்தின் இயல்புக்கு முரணான ஒரு இன்பம், ஒரு தனி மனிதனுக்கு அவனுடைய உடல் நிலையாலோ பழக்கத்தாலோ இயல்பாகவே ஆகலாம் என்கிறார். ஆணோடு ஆண் கூடுவதையும் அங்கே, பழக்கத்தால் வருவதற்கு எடுத்துக்காட்டாகச் சொல்கிறார். கோளாறு என்ற கணக்கில்தான் சொல்கிறார், அதை மழுப்ப மாட்டேன். ஆனால் கொழுப்பெடுத்துத் தேர்ந்துகொண்டான் என்று சொல்லவில்லை. நம்மூர்ப் பிரசங்கங்களை விட 13ஆம் நூற்றாண்டு ஆள் கவனமாகப் பேசியிருக்கிறார்.

சந்தேகத்தோமா

அண்ணன் முழுசாக எடுப்பேன் என்றதால் கடைசியாக ஒன்று. 154:11ஐத் தாண்டி 12க்கு வாருங்கள். காமப் பாவங்களில் எது பெரியது என்ற பட்டியல் அது. இயற்கைக்கு முரணானவை முதலிடம். விபசாரம், பலாத்காரம் எல்லாம் அதற்குக் கீழே. அதாவது இந்த வரிசையில் சுயஇன்பம் பலாத்காரத்தை விட மேலே உட்கார்ந்திருக்கிறது. நான் திரித்துச் சொல்லவில்லை. பிரிவின் முதல் எதிர்வாதத்திலேயே தோமா நம் கேள்வியைத்தான் எழுதி வைத்திருக்கிறார்: பலாத்காரம் அடுத்தவரைப் பாதிக்கிறது, இது யாரையும் பாதிக்கவில்லை, ஆகவே அதுதானே அன்புக்கு அதிக முரண்? அவருடைய பதில், இயற்கையின் ஒழுங்கை மீறுவது அந்த ஒழுங்கைப் படைத்த கடவுளுக்கே செய்யும் தீங்கு என்பது.

இதையும் எடுத்துக்கொள்கிறீர்களா?

பழைய குருமாணவன்

காமம் என்ற ஒரே கோணத்தில் மட்டும் போடப்பட்ட வரிசை அது. பலாத்காரத்தில் அநீதி என்ற இன்னொரு பாவம் சேர்கிறது, அதைக் கூட்டினால் வரிசை மாறும் என்று தோமாவைப் பின்பற்றுகிறவர்கள் சொல்கிறார்கள். நானும் வகுப்பில் அப்படித்தான் படித்தேன்.

சந்தேகத்தோமா

அநீதியைத் தனிக்கணக்கில் வைத்துவிட்டு ஒரு பாலியல் செயலின் கெடுதலை அளக்க முடியும் என்பதைத்தான் நான் ஏற்க மறுக்கிறேன். கூடும் செயலில் எதிரில் ஒரு ஆள் இருக்கிறார் என்பது கணக்கில் கடைசியாகச் சேரும் விஷயம் என்றால், அளவுகோலிலேயே கோளாறு.

பழைய குருமாணவன்

அந்த எதிர்வாதத்துக்கு அவர் தந்த பதில் எனக்கும் போதவில்லை. எல்லாப் பாவமும் கடவுளுக்கு எதிரானதுதானே, இதற்கு மட்டும் ஏன் தனிக் கணக்கு என்று என் பேராசிரியரான ஃபாதரிடமே கேட்டிருக்கிறேன், கேள்வியைக் குறித்து வைத்துக்கொண்டார். 11ஐ ஏற்று 12ஐ விடுகிறேன். அப்படி விட என்ன உரிமை என்று கேட்பீர்கள். அதற்குத் தனி இழை போடுங்கள், நிச்சயம் வருகிறேன்.

திண்ணைத் தத்துவம்

போட்டால் எனக்கும் ஒரு டேக். 11இலிருந்து 12ஐக் கழற்ற முடிந்தால், நான்கில் ஒன்றைக் கழற்ற ஏன் முடியாது என்பதில் இருந்து ஆரம்பிக்கலாம்.